சாவி வாங்கி வைப்பவர்கள்

வெலிங்டன் தீவின் மண்ணுக்கு வயது ஏறத்தாழ நூறுதான். ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் 1920இல் கொச்சிக்கு வந்தபோது, காயலின் இந்தப் பகுதியில் வெண்டுருத்தி என்ற சிறிய தீவு மட்டுமே இருந்தது. முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல்மேட்டை அவர் வெட்டினார். கப்பல் வரும் அளவுக்கு உள்காயலை ஆழமாக்கினார். தோண்டிய மணலையும் சேற்றையும் வெண்டுருத்தியை ஒட்டிக் கொட்டி நிலமாக்கினார். 1928 மே மாதம் பத்மா என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. சென்னை மாகாண ஆளுநராக இருந்து பிறகு வைஸ்ராய் ஆன வெலிங்டன் பிரபுவின் பெயரைத் தீவுக்கு வைத்தார்கள். கிடங்குகள், சுங்க அலுவலகம், ரயில் நிலையம், கடற்படைத் தளம், ஊழியர் குடியிருப்புகள் எல்லாம் அந்தப் புது மண்ணின்மேல் எழுந்தவை. வெண்டுருத்தியின் பழைய குடும்பங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், இங்கே வாழ்ந்தவர்கள் எல்லோரும் எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். பரம்பரை பரம்பரையாகப் பழகிய பக்கத்து வீடு அவர்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டை அவர்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

எதிர்க்கரையில் மட்டாஞ்சேரி. அங்கே கதை நேர்மாறு. 1568இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடம் அரண்மனைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கொங்கணிகள், குஜராத்திகள், சமணர்கள், கட்ச் மேமன்கள், தாவூதி போராக்கள், தக்கணி முஸ்லிம்கள், தமிழ் வண்ணார்கள், தமிழ்ப் பிராமணர்கள், ஆங்கிலோ இந்தியர்கள் என்று எண்ணத் தொடங்கினால் முப்பது சமூகங்கள்வரை போகும். எல்லோரும் சில சதுர கிலோமீட்டருக்குள். இதைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் சொல்லும் ஒரே சொல் நல்லிணக்கம். ஊரின் தட்பவெப்பம் போல அது தானாக அங்கே நிலவுகிறது என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

அந்த எண்ணத்தை மறுப்பதற்காகவே இந்தக் கட்டுரை. அயலார்க்கிடையே நம்பிக்கை தானாக நிலவுவதில்லை. சில ஆட்கள் நாள்தோறும் உழைத்து அதை உண்டாக்குகிறார்கள். அந்த உழைப்பை ஊர் பார்ப்பதில்லை. பார்த்தாலும், அவர்கள் இறந்த பிறகோ வெளியூர்ப் பத்திரிகை எழுதிய பிறகோதான் பார்க்கிறது. அவர்களை எப்படி அடையாளம் காண்பது, கண்டபின் அவர்களுக்குச் செய்ய வேண்டியது என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் கொச்சித் துறைமுகத்தின் இரு கரைகளிலும் விடை தேடலாம்.

மட்டாஞ்சேரியில் எல்லோரும் அறிந்த உதாரணத்திலிருந்தே தொடங்குகிறேன். யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 1922இல் பிறந்தவர். தொழுகைக்கூடத்துக்குப் போகும் வழியில் இருந்த அவருடைய கடையில், யூத ஆண்கள் தலையில் அணியும் கிப்பாத் தொப்பிகளும், ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணிகளும் கைவேலைப்பாட்டோடு கிடைக்கும். இஸ்ரேல் நாடு உருவான பிறகு கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டுப் போனார்கள். சாராவும் அவர் கணவர் ஜேக்கப்பும் போகவில்லை.

1980களின் தொடக்கத்தில் அதே தெருவில் ஒரு சிறுவன் சுற்றுலாப் பயணிகளுக்கு அஞ்சலட்டைகள் விற்றுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த முஸ்லிம் பையன்; பெயர் தாஹா இப்ராஹிம். சரக்கை வைக்கும் கிடங்கு ஒருநாள் பூட்டிக் கிடந்தது. ஜேக்கப் அவனை அழைத்து, தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். சாராவுக்கு அது பிடிக்கவில்லை. இதைத் தாஹாவே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிடிக்காமல் தொடங்கிய உறவு எப்படியோ நீண்டது. தாஹா சின்னச் சின்ன வேலைகளில் கைகொடுத்தார். பிறகு கடைக்குத் துணையானார். 1999இல் ஜேக்கப் இறக்கும் தறுவாயில் தன் மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டது தாஹாவிடம்தான். அடுத்த இருபது ஆண்டுகள் தாஹா அந்த வாக்கைக் காப்பாற்றினார். 2019 ஆகஸ்ட் 30 அன்று 96 வயதில் சாரா இறந்தபோது உலகப் பத்திரிகைகள் பலவற்றில் செய்தி வந்தது. இந்த நட்பைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வெளிவந்திருக்கிறது. கடையைத் தாஹா சாராவின் நினைவாகப் பேணிவருகிறார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் யூதப் பாட்டி, முஸ்லிம் மகன் என்ற முடிவிலிருந்தே தொடங்குகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது தொடக்கம்: ஒரு மூட்டை அஞ்சலட்டை. ஜேக்கப் அந்தப் பையனின் மதத்தை ஆராயவில்லை. அவனைத் தத்தெடுக்கவும் இல்லை. ஒரு பொருளை ஓர் இரவு வாங்கி வைத்தார். மறுநாள் அது அப்படியே திரும்பக் கிடைத்தது. இப்படிப் பலநாள் நடந்தது. சாராவின் தயக்கம் பேச்சால் கரைந்ததாகத் தெரியவில்லை. தப்பாமல் நடந்த கொடுக்கல் வாங்கலால்தான் கரைந்திருக்க வேண்டும்.

ஜேன் ஜேகப்ஸ் 1961இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் இதே வகை மனிதர்களைக் காட்டுகிறார். நியூயார்க்கில் அவர் வசித்த தெருவில் ஒரு கடைக்காரரிடம் அக்கம்பக்கத்தார் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்கென்றே அவரிடம் ஓர் இழுப்பறை இருந்தது. யார் வரப்போகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று அவர் கேட்பதில்லை. அவரிடம் சாவி கொடுக்கிறவர்கள் அவரை வீட்டுக்கு விருந்துக்கு அழைக்க வேண்டிய அவசியமும் இல்லை. தெருவின் பொது மனிதர்கள் என்று ஜேகப்ஸ் இவர்களை அழைத்தார். இவர்களைச் சுற்றி வளரும் நம்பிக்கையை எந்த நிறுவனமும் திட்டம் போட்டு வளர்த்துவிட முடியாது என்பது அவருடைய முடிவு.

கொச்சியைப் பற்றி 2000இல் அஷிஸ் நந்தி எழுதிய நீண்ட கட்டுரையையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கொச்சியின் சமூகங்கள் ஒன்றையொன்று உருகி நேசித்ததாக அவர் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் மற்றதைப் பற்றிக் குறைகளும் கேலிகளும் தப்பெண்ணங்களும் உண்டு. அவற்றை வைத்துக்கொண்டேதான் சேர்ந்து வாழ்கிறார்கள் என்கிறார். இது எனக்கு மிகுந்த ஆறுதல் தரும் கண்டுபிடிப்பு. மனம் முழுக்கத் தூய்மையான பிறகுதான் சேர்ந்து வாழ முடியும் என்றால் எந்தத் தெருவிலும் யாரும் வாழ முடியாது. தப்பெண்ணம் போகும்வரை காத்திராமல் சாவியை வாங்கி வைக்க ஆள் இருந்தால் போதும்.

ஆனால் ஜேகப்ஸின் முடிவைத் துறைமுகம் அப்படியே ஏற்காது. நிறுவனத்தால் நம்பிக்கையை உண்டாக்க முடியாமல் இருக்கலாம், அழிக்க முடியும். கொச்சியில் அப்படி அழித்த ஒரு முறைக்குச் சாப்பா என்று பெயர்.

சாப்பா என்பது உலோக வில்லை. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க அன்றைக்கு எத்தனை ஆள் தேவையோ அத்தனை வில்லைகள். வேலை தேடி வந்து நிற்கும் கூட்டத்துக்குள் ஒப்பந்தக்காரரின் ஆள் அவற்றை வீசி எறிவான். கையில் வில்லை உள்ளவருக்கு அன்று கூலி, இல்லாதவருக்குப் பட்டினி. நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, மிதித்து, பிடுங்கி அந்த வில்லைகளை எடுத்தார்கள். ஒரே சுவரின் இரு பக்கமும் குடியிருந்தவர்கள், ஒரே கிணற்றில் நீர் இறைத்தவர்கள், விடிந்ததும் ஒரு வில்லைக்காக அடித்துக்கொள்ள வேண்டும். மாலையில் திரும்பியபின் அவர்களில் யார் யாரிடம் கைமாற்றுக் கேட்பது? யார் யாருக்காகச் சாட்சி சொல்வது? பிழைப்பையே இப்படி எறிந்து கொடுக்கும் இடத்தில் அயலார் உறவு வளர வழியில்லை. ஆள் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அந்தப் பகை வசதியாகவே இருந்தது.

இத்தனைக்கும் மத்தியில் 1940களில் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போராடிய தொழிலாளர்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்தப் போராட்டத்தில் உயிர்கொடுத்த மூவரின் பெயர்களை மட்டாஞ்சேரி இன்றும் சேர்த்தே சொல்கிறது: சைது, சைதலவி, ஆன்டணி. கே. எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அதை அடிப்படையாகக் கொண்டு ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' படம் 2023இல் வந்தது. துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவுசெய்து முறைவைத்து வேலை தர வழிசெய்யும் மத்தியச் சட்டம் 1948லேயே இருந்தது. கொச்சியில் தொழிலாளர் வாரியம் அமைந்து, பெயர்ப்பட்டியல் நடைமுறைக்கு வர அதற்குப் பிறகும் ஆண்டுகள் பிடித்தன. வில்லை போய்ப் பட்டியல் வந்ததும் நடந்த மாற்றத்தைக் கூலிக்கணக்கால் மட்டும் அளக்கக் கூடாது. இன்று உன் முறை, நாளை என் முறை என்று தெரிந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் போட்டியாளன் அல்லன். அவனுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரும்.

நம்பிக்கையை வளர்க்கும் அயலாரை ஆதரிப்பது என்ற பேச்சில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். நல்ல மனிதர்களைத் தேடிப் பாராட்டுவதற்கு முன், அயலாரை மோதவிடும் ஏற்பாடுகளை நிறுத்த வேண்டும். ரேஷன் கடையில் பத்துப் பேருக்குப் பொருள் வைத்துக்கொண்டு நூறு பேரை வரிசையில் நிறுத்துவதும், குடியிருப்பு ஒதுக்கீட்டை ரகசியமாக வைத்திருப்பதும், தண்ணீர் லாரி எப்போது வரும் என்று சொல்லாமல் குடங்களோடு காக்கவைப்பதும் சாப்பாவின் மறுபிறவிகளே.

தமிழ் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டிய இடம் ஒன்று வெலிங்டன் தீவிலேயே இருக்கிறது. ரயில்பாதையை ஒட்டிய வாத்துருத்தி. திண்டுக்கல் முதலான மாவட்டங்களிலிருந்து பல பத்தாண்டுகளாகக் கூலிவேலைக்கு வந்த தமிழர்கள் நெருக்கியடித்து வாழும் பகுதி அது. ஒரு வீட்டைத் தட்டி தட்டியாகத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் உள்ள இடம். கட்டட வேலை, சுமை வேலை, துப்புரவு என்று கொச்சி நகரம் எழும்பி நிற்பதில் இவர்களுடைய முதுகெலும்பு இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் குறைந்து வங்காளம், அசாம், ஒடிசா, பிகாரிலிருந்து வருபவர்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்திலும் வாத்துருத்தியில் தமிழ்க் குரல் ஓயவில்லை. 2011இல் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டதும் தீவின் பெட்டக வேலை அங்கே போய்விட்டது. துறைமுக ஊழியர் குடியிருப்புகளில் கலகலப்பு குறைந்தது. நிரந்தர வேலைக்காரர்கள் போன தீவில், நிரந்தரமில்லாத வேலைக்காரர்கள் நிரந்தரமாகத் தங்கிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட குடியிருப்புகள் எல்லாவற்றிலும் ஒருவர் இருப்பார். மலையாளமும் தமிழும் தெரிந்த பெண்ணாக இருக்கலாம். முதலில் வந்து ஊன்றிய அண்ணாச்சியாக இருக்கலாம். புதிதாக வந்தவனுக்கு வாடகை அறை பேசிக்கொடுப்பது, முன்பணத்துக்கு வாய்ச்சொல்லால் ஜாமீன் நிற்பது, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்வது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூடப் போவது, சாவு விழுந்தால் ஊருக்கு உடலைக் கொண்டுபோக வண்டி பேசுவது எல்லாம் அவர் தலையில் விழும். அவர் கூலி வேலைக்குப் போகாத நாட்களில் பாதி இந்த வேலைகளுக்கே போயிருக்கும். அந்த நாட்களின் கூலியை யாரும் அவருக்குத் தருவதில்லை.

இங்கே ஓர் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதே வேலைகளைச் செய்கிற இன்னொருவரும் அதே தெருவில் இருப்பார். அவரும் அறை பிடித்துத் தருவார், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார், விண்ணப்பம் எழுதித் தருவார். ஆனால் அவர் ஆள்பிடி மேஸ்திரி, வட்டிக்கு விடுபவர், அடையாள அட்டையைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்பவர். வெளியிலிருந்து வரும் அதிகாரிக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் இருவரும் ஒரே மாதிரி தெரிவார்கள். பெரும்பாலும் இரண்டாமவர்தான் முதலில் வந்து கைகுலுக்குவார். சமூகத் தலைவர் என்று பட்டியலில் ஏறுவதும் அவரே.

இருவரையும் பிரித்தறிய நான் நம்பும் அளவுகோல் ஒன்று உண்டு. அவரிடம் உதவி பெற்றவர்கள் அடுத்த முறை அவர் இல்லாமலே அந்தக் காரியத்தைச் செய்ய முடிகிறதா? விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொண்டார்களா, அலுவலகத்தின் வழி தெரிந்துகொண்டார்களா, டாக்டரிடம் தாங்களே பேசுகிறார்களா? நம்பிக்கையை வளர்ப்பவரிடமிருந்து அறிவு வெளியே பரவும். தரகரிடம் அது தேங்கி நிற்கும். சாவியை வாங்கி வைப்பவர் கேட்டதும் திருப்பிக் கொடுப்பார் என்பதில்தான் அவருடைய மதிப்பு முழுவதும் இருக்கிறது.

ஆதரவு என்றால் என்ன என்பதற்கும் அருகிலேயே தமிழர்கள் சம்பந்தப்பட்ட சான்று உண்டு. கோட்டைக் கொச்சியின் வெளி மைதானத்துப் பக்கம் தமிழ் வண்ணார் சமூகத்தாரின் சலவைக்கூடம் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்புகளைத் துவைக்க வரவழைக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். குளங்குட்டைகளில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1970களில் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் ஒரு கூடத்தைக் கட்டிக் கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் துவைதொட்டி. காயப்போட பொதுவான வெளி. நிர்வாகம் அவர்களுடைய வண்ணார் சங்கத்தின் கையில். இயந்திரச் சலவை வந்த பிறகும் அந்த இடம் ஒரு சமூகமாக அவர்களை ஒன்றுசேர்த்து வைத்திருக்கிறது. அவர்களுக்குத் தரப்பட்டது இடம். கூடவே அதை நடத்தும் உரிமை. மற்றதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வெளிநாட்டு ஆய்வுகளும் துணைநிற்கின்றன. 1995 ஜூலையில் சிகாகோ நகரைத் தாக்கிய வெப்ப அலையில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். எரிக் கிளினென்பெர்க் ஏறத்தாழ ஒரே அளவில் ஏழை முதியோர் வாழ்ந்த இரண்டு பக்கத்துப் பகுதிகளை ஒப்பிட்டார். கடைகளும் நடமாட்டமும் உள்ள தெருக்கள் இருந்த பகுதியில் முதியவர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். வராவிட்டால் யாராவது தேடினார்கள். பாழடைந்து கிடந்த பகுதியில் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே இறந்தார்கள். அதே நகரின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் கேட்டுத் தொகுத்து 1997இல் வெளியிட்ட ஆய்வு, அயலார் தலையிடுவார்கள் என்ற நம்பிக்கை உள்ள இடங்களில் வன்முறை குறைவு என்று காட்டியது. மக்கள் அடிக்கடி வீடு மாறாத இடங்களில் அந்த நம்பிக்கை அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. வாத்துருத்தி போன்ற இடங்களுக்கு இதன் பொருள் நேரடியானது. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அறை மாற வேண்டிய குடும்பம் யாருக்கும் பழைய அயலாராக முடியாது. எழுத்து ஒப்பந்தத்தோடு கூடிய, திடீரென்று காலிசெய்யச் சொல்ல முடியாத வாடகை வீடும் நம்பிக்கையை வளர்க்கும் ஏற்பாடுதான்.

கேரளத்தையே எடுத்து ஆராய்ந்தவர் ஆசுதோஷ் வார்ஷ்ணே. கலவரம் மூளாத கோழிக்கோட்டையும் மூண்டு மூண்டு எரிந்த அலிகாரையும் ஒப்பிட்டு 2002இல் அவர் எழுதிய நூல் இத்துறையில் தவிர்க்க முடியாதது. அன்றாடப் பழக்கம் மட்டும் இருந்தால் ஒரு சிறிய கிராமத்துக்குப் போதும். நகரத்தில் வதந்தி பரவும் நேரத்தில் அது தாங்காது. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்திருக்கும் வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை போன்ற அமைப்புகள் இருந்தால்தான் தாங்கும் என்பது அவர் வாதம். இதை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனாலும் சங்கத்தின் பெயரால் ராத்திரி பத்து மணிக்கு எதிர்மதத்தார் தெருவுக்குப் போய் வதந்தியைப் பொய்யாக்கி வருகிற அந்த ஒரு ஆள், பெரும்பாலும் பல ஆண்டுகளாகச் சாவி வாங்கி வைத்த ஆளாகத்தான் இருப்பார். அன்றாடப் பழக்கம் அவருக்குத் தைரியத்தைத் தருகிறது. சங்கம் அவருக்குப் பின்பலம் தருகிறது.

நம்பிக்கை எல்லாமே நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக் கிராமங்களை ஆராய்ந்த டேனியல் ஆல்ட்ரிச், வலுவான ஊர்ப் பஞ்சாயத்து இருந்த மீனவக் கிராமங்களுக்கு நிவாரணம் விரைவாகவும் நிறைவாகவும் வந்ததைக் கண்டார். அதே பஞ்சாயத்துகளின் பட்டியலிலிருந்து தலித்துகளும் கைம்பெண்களும் விடுபட்டுப் போனதையும் கண்டார். உள்ளே இறுகப் பிணைந்த கூட்டம் வெளியே நிற்பவரை இன்னும் தள்ளி நிறுத்தக்கூடும். ஆகவே அடையாளம் காணும்போது தன் ஆட்களுக்கு உதவுபவரையும், தன் ஆட்களுக்கு அப்பால் கைநீட்டுபவரையும் வேறுபடுத்திப் பார்ப்பது கடமை. ஜேக்கப் கோஹன் கூப்பிட்டது இன்னொரு யூதச் சிறுவனை அல்ல.

அயலாரை அரசே முறைப்படி அங்கீகரித்த பெரிய முயற்சி கேரளத்தில்தான் நடந்தது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அடித்தளம் அயல்கூட்டம். பத்திலிருந்து இருபது வீடுகள். வீட்டுக்கு ஒரு பெண். வாராவாரம் ஏதாவது ஒருவர் வீட்டில் கூட்டம். கூட்டம் வீடு மாறி மாறி நடப்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அதனால்தான் ஒவ்வொருவர் வாசலையும் மற்றவர்கள் மிதிக்கிறார்கள். சிறுசேமிப்பும் கடனும் கைமாறுகின்றன; யாருக்கு நோய், யாருக்கு வேலை போயிற்று என்பதும் தெரிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டங்கள் இன்று இருக்கின்றன. 2001இல் வட கேரளத்தில் தொடங்கிய அயலார் வலிதணிப்பு மருத்துவ வலையமைப்பும் இதே வழியில் சென்றது. தீராத நோயாளியின் வீட்டுக்குப் போவது மருத்துவர் மட்டுமல்ல, பயிற்சி பெற்ற பக்கத்துத் தெருக்காரரும். 2008இல் மாநில அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது.

இந்தப் பெருமையோடு ஒரு வெட்கத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்தவர்கள் ஆஷாக்கள். அந்தந்த ஊரிலேயே வாழும் பெண்ணைத் தேர்ந்தெடுத்து, கர்ப்பிணியையும் குழந்தையையும் காசநோயாளியையும் வீடு தேடிப் போய்ப் பார்க்கச் சொல்லும் திட்டம் அது. அது வெற்றிபெற்றதற்குக் காரணம் அவர் அயலார் என்பதே. தெரியாத நர்சுக்குத் திறக்காத கதவு அவருக்குத் திறக்கும். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்கள் அனைவருக்கும் உலக சுகாதாரத் தலைவர்கள் விருதை அளித்துக் கௌரவித்தது. 2025 பிப்ரவரி 10 அன்று அதே ஆஷாக்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு முன் வெயிலில் உட்கார்ந்தார்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்க வேண்டும் என்பது கோரிக்கை. மழைக்காலமும் கடந்து எட்டு மாதங்களுக்கு மேல் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது ஆயிரம் ரூபாய் உயர்வு. சட்டப்படி அவர்கள் தொழிலாளர் அல்லர், தன்னார்வலர். அன்பால் செய்கிறாள் என்று சொல்லியே ஒரு பெண்ணின் உழைப்பைச் சுரண்டும் பழக்கம் வீட்டிலிருந்து அரசாங்கம்வரை நீண்டிருக்கிறது. உலக விருதையும் பட்டினியையும் ஒரே கையால் கொடுப்பதை அங்கீகாரம் என்று அழைக்க நான் தயாராக இல்லை.

எல்லா நல்ல அயலாருக்கும் சம்பளம் கொடுங்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. யூதத் தெருவில் நடந்ததற்குச் சம்பளம் வைத்திருந்தால் அது வேறொன்றாகியிருக்கும். கோடு எங்கே என்பது தெளிவாகவே இருக்கிறது. அரசோ நிறுவனமோ ஒருவரின் அயலார் உறவைத் தன் திட்டத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கிய கணத்திலிருந்து அது வேலை, கூலி தரவேண்டும். கணக்கெடுப்புக்கும் பதிவேட்டுக்கும் அவரை அனுப்பினால், அது தன்னார்வம் ஆகாது. அப்படிப் பயன்படுத்தாதவரைக்கும் அவருக்கு வேண்டியது பணத்தைவிடப் பாரம் இறங்குவது.

பாரம் எப்படி இறங்கும்? மருத்துவமனையில் தமிழும் வங்காளமும் இந்தியும் பேசும் ஒரு ஊழியரை வைத்தால் வாத்துருத்தி அக்காவின் வாரத்தில் ஒரு நாள் மிஞ்சும். புலம்பெயர் தொழிலாளர் நலனுக்காக இயங்கும் கொச்சி அமைப்பொன்று எர்ணாகுளம் மாவட்டத்தில் நடத்தும் 'பந்து' நடமாடும் மருத்துவமனை தொழிலாளர் குடியிருப்புகளுக்கே போவது நல்ல முன்மாதிரி. விண்ணப்பப் படிவம் எளிமையாகவும் வருபவரின் மொழியிலும் இருந்தால் இன்னொரு நாள் மிஞ்சும். வேலை முடிந்து வந்தபின் கூடிப் பேச விளக்கும் மின்விசிறியும் உள்ள ஓர் அறை, மாலை ஆறு மணிக்குமேல் பூட்டாமல் இருந்தால் போதும்; வெலிங்டன் தீவில் பூட்டிக் கிடக்கும் குடியிருப்புகளில் அதற்கு இடம் கிடைக்காமல் போகாது. அவர் சொந்த ஊருக்குப் போனாலோ படுத்துவிட்டாலோ அந்த இடத்தில் நிற்க இன்னும் இருவர் தயாராக இருக்க வேண்டும். ஒரே ஆளை நம்பிய தெரு அந்த ஆளையும் களைப்படையச் செய்கிறது. அவரைத் தரகராக்கும் ஆசையையும் வளர்க்கிறது.

அவர்களைக் கண்டுபிடிப்பது கடினமே அல்ல. தலைவர் யார் என்று கேட்டால் தவறான ஆளைக் காட்டுவார்கள். ஊருக்குப் போகும்போது சாவியை யாரிடம் கொடுப்பீர்கள், ராத்திரி குழந்தைக்கு வலிப்பு வந்தால் யார் கதவைத் தட்டுவீர்கள், ஒரு கடிதம் வந்தால் யாரிடம் படிக்கக் கொடுப்பீர்கள் என்று ஐம்பது வீடுகளில் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெயர்களைச் சொன்னவர்கள் ஒரே சாதியா, ஒரே மதமா, ஒரே மாநிலமா, பலரா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் கிடைத்ததும் மாலையோடு போக வேண்டாம். உங்கள் நாளில் எது அதிக நேரத்தைத் தின்கிறது என்று அவரிடம் கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஏதாவது ஓர் அலுவலகத்தின் பெயராக இருக்கும். திருத்த வேண்டியது அந்த அலுவலகத்தை.

தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. சாலை, சாக்கடை, தெருவிளக்கு அங்கே பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டியவைதான். அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போகும்போது, உங்கள் தெருவில் சாவி வாங்கி வைப்பவருக்காக மாலையில் திறந்திருக்கும் ஓர் அறையையும், உங்கள் பகுதிக்கு வந்து வாழும் வெளிமாநிலத்தாரின் மொழியில் படிவங்களையும் கேளுங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அந்தக் கோரிக்கையில் கையெழுத்திடப் பக்கத்து வீட்டு பிகார் இளைஞரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.